இங்கே ஒரு கட்டம், அங்கே ஒரு கட்டம்

பிப்ரவரி 4

அன்புத் தம்பி,

உன் கடிதம் நேற்று வந்தது. ஜூன் லீவில் மூன்று பேரும் வருகிறோம் என்று எழுதியிருந்த வரியை அத்தானுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். மருந்துக்கடையிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டுவிட்டு, "வரட்டும், பார்ப்போம்" என்றார். அவர் குணம் உனக்குத் தெரியும். நீ வாசலில் வந்து நின்றால்கூட ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். நான் இன்றைக்கே உன் பழைய அறையைக் காலி பண்ண ஆரம்பித்துவிட்டேன். பதினொரு வருஷமாக என் ஆபீஸ் காகிதமெல்லாம் அங்கேதான் கிடக்கிறது. குட்டிக்கு எட்டு வயசாகிவிட்டது, இன்னும் அத்தை முகத்தைப் பார்த்ததில்லை. யார் கேட்டாலும் சிரிப்பார்கள்.

போனில் பேசலாமே என்று கேட்டிருந்தாய். போனில் நாம் என்ன பேசுகிறோம்? நீ "அப்புறம்" என்பாய், நான் "நீதான் சொல்லணும்" என்பேன். அதற்குக் கடிதமே மேல்.

ஆபீஸில் தலைக்கு மேல் வேலை. ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் "நாம் யார்?" என்று ஒரு புதுப் பாடம் வேண்டுமாம். என் தலையில் கட்டிவிட்டார்கள். மூன்று வாரமாக உட்கார்ந்து இரண்டே வரி எழுதியிருக்கிறேன்.

சரி, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அங்கே ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் சொல்லாமல் போவார்களா? உடம்பு சரியில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரர் வருவாரா? வயசான பெற்றோரைப் பிள்ளைகள் கூட வைத்துக்கொள்கிறார்களா? தெருவில் விழுந்தவரைத் தூக்கிவிடுவார்களா? வாத்தியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாமே, நிஜமா? சாப்பிடும்போது யாராவது வந்தால் என்ன செய்வார்கள்? அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை உண்டா? அடுத்த வாரத்துக்குள் எழுதிப் போட்டால் நன்றாக இருக்கும்.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பைச் சொல். குட்டிக்கு என்ன பிடிக்கும் என்று எழுது.

உன் அக்கா

*

பிப்ரவரி 15

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் என் வீட்டுக்காரி கேட்டாள், "உங்க அக்கா எழுதினதா, இல்லை குடியேற்ற அதிகாரி எழுதினதா?" என்று. ஏழு கேள்வி. எண்ணிப் பார்த்தேன். பதினொரு வருஷத்தில் நீ இந்த ஊரைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறாய், "குளிருமா?" என்று. இப்போது என்ன திடீர் அக்கறை? அதிலும் "சும்மா" என்று ஆரம்பித்து "அடுத்த வாரத்துக்குள்" என்று முடிக்கிறாய். நீ "சும்மா" என்று சொன்னால் நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன், சின்ன வயசிலிருந்தே.

இருந்தாலும் சொல்கிறேன். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவனுக்கு எல்லார் வீட்டுச் சங்கதியும் தெரியும். நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டால் முதல் ஐந்து நிமிஷம் யாரும் யார் முகத்தையும் பார்க்கமாட்டார்கள். பத்தாவது நிமிஷம் ஒருத்தி கைப்பையிலிருந்து பிஸ்கட் எடுத்து எல்லாருக்கும் நீட்டுவாள். நான் கதவைத் திறக்கும்போது எவளோ ஒருத்தியின் மாமியார் கதை பாதியில் இருக்கும். அங்கேயும் அப்படித்தானே இருக்கும்?

உடம்பு சரியில்லாததைப் பற்றிக் கேட்டாயே. எங்கள் கட்டிடத்தில் நாலாம் மாடியில் ஒரு கிழவர் இருக்கிறார், தனிக்கட்டை. போன மாசம் குளியலறையில் வழுக்கி விழுந்து எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இரண்டு தெரு தள்ளி இருக்கிற சொந்த மகனுக்குத் தெரியாது. அப்பாவுக்கும் மகனுக்கும் ஏதோ மனஸ்தாபம், சொல்லக்கூடாது என்று கிழவரே அடம் பிடித்தார். இரண்டாம் மாடி அம்மாதான் அவர் பூனைக்குச் சாப்பாடு வைத்தாள். எதிர்வீட்டுப் பெண் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் துணி கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசியில் மகனுக்குச் சொன்னதும் நான்தான். வந்து நின்று ஓவென்று அழுதான். கிழவர் என்னை இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

குட்டிக்கு வரைவதென்றால் உயிர். அத்தை குண்டா ஒல்லியா என்று கேட்கிறாள். பதில் எழுது.

தம்பி

*

பிப்ரவரி 26

அன்புத் தம்பி,

குண்டு என்றே சொல். வந்து பார்த்து ஏமாறட்டும்.

சரி, மறைக்கவில்லை. கேள்விகள் பாடத்துக்காகத்தான். நேரே கேட்டால் நீ முறுக்கிக்கொள்வாய் என்று சுற்றி வளைத்தேன். எங்கள் கமிட்டியில் ஐந்து பேர். நாம் யார் என்று எழுதச் சொன்னால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நான் "விருந்தோம்பல்" என்றேன். வரைபடம் போடுகிற மனிதர் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். வெளிநாட்டுப் பாடப்புத்தகங்கள் கட்டுக் கட்டாக அங்கேதான் இருக்கின்றன. நாலு நாட்டுப் புத்தகத்தை எடுத்து விரித்துப் போட்டார். நாலிலும் "எங்கள் மக்கள் விருந்தோம்பலுக்குப் பெயர்பெற்றவர்கள்" என்று அச்சடித்திருக்கிறது. பெரியவர்களை மதிப்பவர்கள், உழைப்பாளிகள், அமைதியை விரும்புகிறவர்கள் என்று ஒன்று விடாமல் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். கூடவே, பக்கத்து நாட்டுக்காரன்தான் எப்போதும் வம்புக்கு வருவான் என்றும்.

இயக்குநருக்கு மூக்கு சிவந்துவிட்டது. அப்புறம் அவரே வழி சொன்னார். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரி, ஒரு கட்டத்துக்கு "இங்கே", இன்னொன்றுக்கு "அங்கே". அங்கே என்ன இல்லையோ அதுதான் நாம். பதினாலு வரி வேண்டும் என்றார், ஏனென்றால் மேலே படம் போட்டது போக அவ்வளவுதான் இடம். உன் கிழவர் ஒன்பதாம் வரிக்கு வந்துவிட்டார்! "அங்கே: ஒருவர் சாகக் கிடந்தாலும் சொந்தப் பிள்ளைக்குத் தெரியாது. இங்கே: ஒருவருக்குத் தலைவலி என்றாலும் சொந்தமெல்லாம் கூடிவிடும்." கமிட்டியில் எல்லாரும் கை தட்டினார்கள். வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருஷத்தில் எனக்குக் கை தட்டியது இதுதான் முதல் தடவை.

எழுதி முடித்துவிட்டு நானே இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். படுத்துக்கிடக்கிறவர்களுக்கு யாராவது வருவார்களா என்று கதவையே பார்ப்பது எவ்வளவு பெரிய கொடுமை! அப்பா கிடந்த அந்த ஐந்து நாளும் நான் பார்த்தேனே. வார்டு கதவு திறந்தால் போதும், தலை திரும்பிவிடும்.

அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுது.

உன் அக்கா

*

மார்ச் 7

அக்கா,

எந்த ஐந்து நாள்?

மூன்று வருஷத்துக்கு முந்தி ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நீ போன் பண்ணினாய். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார், எழுந்திருக்கவில்லை, தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொன்னாய். காலையிலேயே எடுத்துவிடப் போகிறோம், நீ வந்து சேரமுடியாது, அங்கிருந்தே கும்பிட்டுக்கொள் என்றாய். நான் சமையலறையில் ரிசீவரைப் பிடித்துக்கொண்டே நின்றேன். வீட்டில், தூக்கத்தில். அதைச் சொல்லித்தான் மூன்று வருஷமாக மனசைத் தேற்றிக்கொண்டு இருக்கிறேன்.

இப்போது வார்டு என்கிறாய், கதவு என்கிறாய். நான் உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கை தவறி எழுதினாயா, இல்லை வாய் தவறி உண்மை வந்துவிட்டதா?

அப்புறம் அந்தக் கிழவர் விஷயம். பூனைக்குச் சாப்பாடு வைத்த அம்மா எங்கே? தினமும் போய் உட்கார்ந்த பெண் எங்கே? மகன் அழுதது எங்கே? பாதியை வெட்டிவிட்டு மீதியைக் கட்டத்துக்குள் அடைத்திருக்கிறாய். வெட்டுகிற கத்தரிக்கோல் உன் கையில் இருக்கிறது, சரி. ஆனால் துணி என்னுடையது.

முதல் கேள்விக்கு மட்டும் பதில் போதும். தேதி அப்புறம்.

தம்பி

*

மார்ச் 15

தம்பிக்கு,

ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு என்ன குதி குதிக்கிறாய். அது அத்தானோட அப்பா கிடந்ததை நினைத்து எழுதினது. அவசரத்தில் "அப்பா" என்று மட்டும் போட்டுவிட்டேன். ஆபீஸ் வேலைக்கு நடுவில் எழுதுகிறேன், ஒவ்வொரு வரியையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பாய் என்று தெரிந்திருந்தால் எழுதியே இருக்கமாட்டேன்.

நீ என்னைக் கேள்வி கேட்கிறாய், சரி. நான் ஒன்று கேட்கிறேன், பதில் சொல்.

போன செவ்வாய்க்கிழமை வெளிநாட்டுப் புத்தகக் கட்டு புதிதாக வந்தது. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்காகப் போட்ட ஒரு பயிற்சிப் புத்தகம் அதில் இருந்தது. வரைபடக்காரருக்கு அந்த பாஷை தெரியும். சிரித்துக்கொண்டே வந்தார், "அம்மா, அவங்களும் நம்மளைக் கட்டத்துல போட்டிருக்காங்க" என்று. "நாம் எப்படி வாழ்கிறோம்?" என்று தலைப்பு. நடுவில் கோடு. ஒரு பக்கம் அவர்கள், இன்னொரு பக்கம் நம் நாட்டுப் பெயர், பெரிய எழுத்தில். ஆறாவது வரியை எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். "அங்கே: வீட்டில் மூத்தவர்கள் இளையவர்களின் கடிதங்களைப் பிரித்துப் படிப்பார்கள். பிடிக்காத கடிதத்தை அலமாரியில் துணிகளுக்கு அடியில் ஒளித்துவைப்பார்கள். இங்கே: ஒருவர் கடிதத்தை இன்னொருவர் தொடமாட்டார்."

துணிகளுக்கு அடியில்! இந்த நாட்டில் கோடி அலமாரி இருக்கிறது. துணிக்கு அடியில் கடிதம் வைத்தவர்கள் எத்தனை பேர்? உனக்கு வேலை உத்தரவு வந்த கடிதத்தை நான் ஒன்பது நாள் வைத்திருந்தது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அப்பாவுக்குக்கூடத் தெரியாது. அந்தப் பயிற்சிப் புத்தகக்காரனுக்கு யார் சொன்னது?

வரைபடக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார். நம் நாட்டையே அவமானப்படுத்திவிட்டார்கள், அதான் என்று சொல்லிச் சமாளித்தேன். அவரும் நம்பிவிட்டார்.

அக்கா

*

மார்ச் 24

அக்கா,

நான்தான் சொன்னேன்.

போன வருஷம் குட்டியின் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினாள். வெளிநாட்டிலிருந்து வந்த அப்பா அம்மாக்கள் ஏழெட்டுப் பேர், குழந்தைகள் உட்காருகிற குட்டி நாற்காலியில் முழங்கால் மூக்கைத் தொட உட்கார்ந்திருந்தோம். புதுப் பயிற்சிப் புத்தகத்துக்கு வேண்டும், உங்கள் நாட்டில் என்ன வித்தியாசம் என்று எழுதிக் கொடுங்கள் என்று தாளை நீட்டினாள். ஒற்றுமைக்குத் தாளில் இடமே இல்லை. எல்லாரும் முதலில் முழித்தோம். அப்புறம் பேனா ஓட ஆரம்பித்தது. பக்கத்து நாற்காலிக்காரன் அவன் மாமனாரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தான், எனக்கு நன்றாகத் தெரியும். நான் உன்னைப் பற்றி எழுதினேன். உன் பெயரைப் போட மனசு வரவில்லை, அதனால் நாட்டின் பெயரைப் போட்டேன். தப்புதான். அந்த ஒன்பது நாள் இன்னும் எனக்குள் கிடக்கிறது, அக்கா. உத்தரவு வரவில்லை, வரவில்லை என்று நான் தினமும் தபால்காரரிடம் போய் நின்றேன். நீயும் என் கூடவே வந்து நின்றாய். ஒரு தடவை அவரைத் திட்டக்கூடச் செய்தாய்.

அதற்குப் பலனும் நானே அனுபவிக்கிறேன். குட்டி அந்தப் பாடத்தை மனப்பாடம் பண்ணிவிட்டாள். அது அவள் அப்பா எழுதினது என்று அவளுக்குத் தெரியாது. ஜூனில் வரும்போது அவள் வரைகிற நோட்டை எங்கே ஒளித்துவைக்கலாம் என்று என்னைக் கேட்கிறாள். அத்தை எடுத்துவிடுவாளாம். என் வீட்டுக்காரி இந்த ஊர்க்காரிதானே, அதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எங்களுக்கு நாங்க யாருன்னு தெரியாது. உங்களை மாதிரி இல்லைங்கறது மட்டும்தான் தெரியும்." அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது உன் விஷயம். அத்தானோட அப்பா கிடந்ததைப் பார்த்தேன் என்கிறாய். அவர் அத்தானுக்கு ஆறு வயசிருக்கும்போதே போய்விட்டார். மாமனார் கையால் ஆசீர்வாதம் வாங்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று உன் கல்யாணத்தன்றைக்கு நீயே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாய். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று நீயே வந்து சொல்லுகிறாய், நான் குதிரைத் திறந்து பார்க்காமல் என்ன செய்வேன்?

நான் செய்ததை ஒத்துக்கொண்டுவிட்டேன். இனி உன் முறை. அப்பா எங்கே, எப்படி, எத்தனை நாள்? இதற்குப் பதில் வராமல் நான் டிக்கெட் எடுக்கப்போவதில்லை. மூன்று டிக்கெட்டும் அப்படியே நிற்கிறது.

தம்பி

*

ஏப்ரல் 3

தம்பி,

இதை ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம், எல்லாரும் கீழே போயிருக்கிறார்கள். வீட்டில் எழுதினால் அத்தான் கேட்பார்.

நேற்று அச்சகத்திலிருந்து பாடத்தின் அச்சுப்பிரதி திருத்தத்துக்கு வந்தது. வழக்கம்போல ஐந்து பேருக்கும் சுற்றுக்கு விட்டார்கள். கடைசியாக என் மேஜைக்கு வந்தது. மூலையில் நாலு பேர் கையெழுத்து, இயக்குநர் கையெழுத்தும் சேர்த்து. ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தியிருந்தார்கள், ஒரு காற்புள்ளியைச் சேர்த்திருந்தார்கள். நான் படிக்க ஆரம்பித்தேன். ஏதோ இடித்தது. திரும்ப மேலே போய்ப் பார்த்தேன். அச்சுக் கோத்தவன் தலைப்பை மாற்றிப் போட்டுவிட்டான். "இங்கே" இருக்கவேண்டிய இடத்தில் "அங்கே", "அங்கே" இருக்கவேண்டிய இடத்தில் "இங்கே". பதினாலு வரியும் தலைகீழ். நாலு பேர் படித்து, கையெழுத்தும் போட்டு, ஒருத்தருக்கும் தெரியவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்திருக்கிறார்கள்.

எனக்கும் தெரிந்திருக்காது. ஒன்பதாம் வரியால்தான் தெரிந்தது. "இங்கே: ஒருவர் சாகக் கிடந்தாலும் சொந்தப் பிள்ளைக்குத் தெரியாது." கொட்டை எழுத்தில், பளிச்சென்று, என் முகத்துக்கு நேரே. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

சொல்லிவிடுகிறேன். அப்பா திங்கட்கிழமை காலையில் விழுந்தார். ஒரு பக்கம் வராமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சனிக்கிழமை மத்தியானம்தான் போனார். உனக்குச் சொல்ல எனக்கு ஐந்து நாள் முழுசாக இருந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே போன் கடை இருந்தது. உன் நம்பர் என் பர்ஸில் இருந்தது.

பேச்சு குழறிவிட்டது அவருக்கு. ஆனால் ஒரு வார்த்தை மட்டும் தெளிவாக வரும். "சின்னவன் வந்தாச்சா?" காலையில் நான் போய் முகம் துடைத்துவிடும்போது கேட்பார். மாத்திரை கொடுக்கும்போது கேட்பார். வந்துகிட்டிருக்கான்பா என்பேன். தலையை ஆட்டிவிட்டுக் கதவைப் பார்ப்பார். தம்பி, நீ போனதிலிருந்து எட்டு வருஷம் நான் அவரைப் பார்த்துக்கொண்டேன். மூலத்துக்கு மருந்து போட்டதிலிருந்து நகம் வெட்டியது வரைக்கும் நான். அத்தான் முகம் சுளித்த நாளெல்லாம் உண்டு, அதையும் நான்தான் சமாளித்தேன். அந்த ஐந்து நாளில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என் பெயரைச் சொல்லட்டும், உடனே போய் உனக்குப் போன் பண்ணிவிடுகிறேன் என்று நினைத்தேன். அதற்காகக் காத்திருந்தேன். அசிங்கம்தான். வயசு நாற்பத்தைந்து எனக்கு அப்போது. என்னைக் கூப்பிடட்டும் என்று சின்னப் பெண் மாதிரி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குமேல் உன்னைக் கேட்பதையும் நிறுத்திவிட்டார்.

காரியத்தன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள், "பெத்த பிள்ளை வரலை பாரு, அந்த ஊருக்குப் போனா அப்படித்தான் ஆயிடுவாங்க" என்று. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது வசதியாகவும் இருந்தது. மூன்று வருஷம் கழித்து அதையே பாடமாகவும் எழுதிவிட்டேன். எழுதும்போது உன் ஊரைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று நிஜமாகவே நம்பினேன்.

தலைப்பு மாறியிருப்பதை இயக்குநரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்கே இரண்டு தடவை பார்த்தபிறகுதான் புரிந்தது. "நல்லவேளை!" என்றார். ஒன்பதாம் வரியை மட்டும் எடுத்துவிடலாம் என்று கேட்டேன். இருக்கிறதிலேயே நல்ல வரி அதுதான், எடுத்தால் அந்த இடம் காலியாக நிற்கும் என்றார். உன்னிடம் பெருமையாக எழுதலாம், சண்டை போட்டேன், ராஜினாமா பண்ணுவேன் என்றேன் என்று. அப்படி எதுவும் இல்லை. தலைப்பைத் திருத்தினேன், கையெழுத்துப் போட்டேன். ஜூனில் புத்தகம் வெளிவரும்.

குட்டியின் நோட்டை நான் தொடமாட்டேன் என்று அவளிடம் சொல். வந்துவிடுங்கள். திட்டுவதென்றாலும் இங்கே வந்து திட்டு. அறை தயாராக இருக்கிறது.

அக்கா

*

ஏப்ரல் 14

அக்கா,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. வேலைக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில், லிஃப்ட் கூரை மேல் உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் படித்தேன். கீழே யாரோ பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தார்கள். அன்றைக்கு வேலையை முடிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரியிடம் முழுசாகச் சொன்னேன். உங்க அப்பா உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருந்திருக்காரு, அதை நினைச்சு சந்தோஷப்படுங்க என்றாள். நானும் சந்தோஷப்படத்தான் பார்த்தேன். ஒரு நாள் பட்டேன். மறுநாள் காலையில் பல் துலக்கும்போது ஒன்று தோன்றியது. அப்பா என்னை "சின்னவன்" என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து "டேய்" தான். மற்றவர்களிடம் பேசும்போது "இவன்" என்பார், கோபமாக இருந்தால் "உன் தம்பி" என்பார். என் முதுகுக்குப் பின்னால் சின்னவன் என்று சொல்லியிருக்கலாம். நான் போனபிறகு அந்த எட்டு வருஷத்தில் பழகியிருக்கலாம். இல்லை, நீ எழுதியிருக்கலாம்.

நீ நன்றாக எழுதுவாய், அக்கா. உன் தொழிலே அதுதான். எதைச் சொன்னால் படிக்கிறவர்களுக்குத் தொண்டை அடைக்கும் என்று உனக்குத் தெரியும், ஊரே கை தட்டுகிற மாதிரி வரி போடத் தெரியும். நான் டிக்கெட் எடுக்கமாட்டேன் என்று எழுதினேன், அடுத்த கடிதத்தில் அப்பா ஐந்து நாளும் என்னைத்தான் கேட்டார் என்று வருகிறது. ஒருவேளை அவர் ஒன்றும் கேட்கவே இல்லையோ? ஒருவேளை அவனுக்குச் சொல்லாதே என்று சொல்லியிருப்பாரோ, எங்கள் நாலாம் மாடிக்காரர் மாதிரி? நான் ஊரை விட்டுக் கிளம்பினதில் என் மேல் அவருக்கு இருந்த கோபம் உனக்குத் தெரியும். அதை என்னிடம் சொல்ல மனசு வராமல் பழியை உன் தலையிலேயே போட்டுக்கொண்டாயோ என்றுகூட நினைத்துப் பார்த்துவிட்டேன். நீ அப்படியும் செய்கிறவள்தான். ஒன்பது நாள் ஒளித்துவைத்தவளும் நீதான், நான் கிளம்பின அன்றைக்கு உன் கல்யாண வளையலை என் பெட்டிக்குள் திணித்தவளும் நீதான். எந்த அக்கா இதை எழுதினாள் என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. படுத்தால் தூக்கமில்லை.

எனக்குக் கோபம் இருக்கிறது. நிறைய. அதை இந்தக் காகிதத்தில் எழுதினால் நீ அதையும் எங்கேயாவது உபயோகித்துவிடுவாய் என்று பயமாக இருக்கிறது. இப்படியெல்லாம் சந்தேகப்படுவது இந்த ஊர்ப் பழக்கம் என்று யாரிடமும் சொல்லாதே. அந்த ஊர்ப் பழக்கமும் இல்லை. இது நான்.

மே 9 காலையில் வருகிறேன். ஒற்றை டிக்கெட் எடுத்திருக்கிறேன். ஒரு வாரம் லீவு. குட்டியும் அவளும் இப்போது வரவில்லை. ஜூனில் அவர்கள் வருவதா வேண்டாமா என்பதை நான் திரும்பி வந்துதான் சொல்லமுடியும். ஸ்டேஷனுக்கு யாரும் வரவேண்டாம். அந்த ஐந்து நாளும் எனக்குச் சொல்லாமல் விட்டதை அத்தானிடம் நீயாகச் சொல்லிவிடு, நான் வந்து சொல்லும்படி வைக்காதே.

இதற்குப் பதில் எழுதாதே. எழுதினால் நான் பிரிக்கமாட்டேன். நான் வந்து உனக்கு எதிரில் உட்காருவேன். அப்பா என்ன கேட்டார், எப்படிக் கேட்டார் என்று நீ எனக்கு வாயால் சொல்லவேண்டும். ஒரு தடவை சொன்னால் போதும், முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

உன்னை நம்பி வரவில்லை, அக்கா. ஆனால் வருகிறேன்.

தம்பி